உப்பு எங்கே போகிறது?

வடமதுரையிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் வாழும் நம் வீடுகளில் தண்ணீருக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று நல்ல தண்ணீர். மற்றொன்று உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரைக் குடத்திலும் பானையிலும் மூடிவைத்துக் காக்கிறோம். உப்புத் தண்ணீரைத் துவைக்கவும் துலக்கவும் பயன்படுத்துகிறோம். உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு எளிதில் வேகாது, சோப்பு நுரைக்காது, தலைக்குக் குளித்தால் முடி சிக்குப் பிடிக்கும். இவை பாடப்புத்தகத்தைத் திறக்கும் முன்பே நாம் அடுப்படியிலும் கிணற்றடியிலும் கற்ற பாடங்கள் ஆகும்.

இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது நீர் ஒன்றும் நம்மிடையே உண்டு. மெக்கானிக் கடையிலும், இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் கேன்களில் அது இருக்கும். 'டிஸ்டில்டு வாட்டர்' என்று கேட்டு வாங்குகிறோம். ஆனால் அவ்வாறு விற்கப்படும் பல கேன்களில் இருப்பது காய்ச்சி வடித்த நீர் அன்று; அயனி நீக்கிய நீர். தொழிற்சாலைகளில் இதனை 'டி.எம். வாட்டர்' என்பார்கள். அறிவியலுக்கும் தொழிலுக்கும் இந்நீர் இன்றியமையாதது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயினும், நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு எங்கே போகிறது என்று கேளாமல் தூய நீரின் பெருமையை மட்டும் பேசுவது, கணக்கில் பாதியை எழுதிவிட்டு முழு மதிப்பெண் கேட்பது போலாகும். அந்த மறுபாதிக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீருக்குள் இருப்பது என்ன?

வானிலிருந்து விழும் மழைநீரில் உப்புகள் மிகக் குறைவு. விழும் வழியில் அது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடைச் சிறிதளவு கரைத்துக்கொள்கிறது. அதனால் இலேசான அமிலத்தன்மை பெற்று, மண்ணிலும் பாறையிலும் இறங்கும்போது வழியிலுள்ள தாதுக்களைக் கரைக்கிறது. திண்டுக்கல் சமவெளியின் அடியில் இருப்பது கடினப் பாறை. நிலத்தடி நீர் அப்பாறையின் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கி நிற்கிறது. மழை குறைவு, வெயில் அதிகம். எனவே ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம், சோடியம் போன்ற நேர்மின் அயனிகளும், குளோரைடு, சல்பேட், பைகார்பனேட் போன்ற எதிர்மின் அயனிகளும் மிகுந்து காணப்படுகின்றன.

குடிநீர் ஒரு லிட்டரில் கரைந்த பொருள்கள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்திய தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள நீர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்நீரை 10,000 லிட்டர் லாரி ஒன்று ஏற்றி வந்தால், அதனுடன் 10 கிலோ உப்பும் கண்ணுக்குத் தெரியாமல் பயணம் செய்கிறது! துணியால் வடிகட்டினால் இந்த உப்பு போகாது. கொதிக்க வைத்தால் தற்காலிகக் கடினத்தன்மை மட்டும் நீங்கி, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். மற்றவை நீரிலேயே தங்கும்.

அயனியை நீக்கும் முறை

உப்பை நீக்கும் பழைய முறை காய்ச்சி வடித்தல். நீரை ஆவியாக்கி, ஆவியைக் குளிரச் செய்தால் உப்பு பாத்திரத்தில் தங்கிவிடும். ஆனால் கொதிநிலையில் உள்ள ஒரு கிலோ நீரை ஆவியாக்க மட்டும் சுமார் 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஆலைக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான லிட்டர் நீரை இவ்வாறு தயாரிப்பது பெருஞ்செலவாகும்.

இதற்கு மாற்று வழியை அறிஞர்களுக்குக் காட்டியது மண்தான். 1850-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த தாம்ப்சன், வே என்னும் இருவர், உரத்திலுள்ள அம்மோனியாவை மண் பிடித்துக்கொண்டு, அதற்கு ஈடாகக் கால்சியத்தை வெளிவிடுவதைத் தெரிவித்தனர். ஓர் அயனியைப் பெற்றுக்கொண்டு மற்றோர் அயனியைக் கொடுக்கும் இப்பண்டமாற்றே அயனிப் பரிமாற்றம் எனப்படுகிறது. 1935-இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்னும் ஆங்கில வேதியியலார், செயற்கைப் பிசின்களைக் கொண்டும் இதனைச் செய்யலாம் என்று காட்டினர். அதன்பின் இம்முறை உலகெங்கும் பரவியது.

இன்று பயன்படும் பிசின் பெரும்பாலும் கடுகினும் சிறிய மணிகளாக இருக்கும். ஒரு வகை மணிகள் நீரிலுள்ள கால்சியம், சோடியம் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கும். மற்றொரு வகை குளோரைடு, சல்பேட் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனியைக் கொடுக்கும். ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்தால் கிடைப்பது நீரே அன்றோ! உப்பு உள்ளே சென்று, நீர் வெளியே வருகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

நீர் எவ்வளவு தூய்மையாயிற்று என்பதை அதன் மின்கடத்தும் திறனைக் கொண்டு அளக்கின்றனர். அயனிகள் குறையக் குறைய மின்கடத்தலும் குறையும். உப்புக் கிணற்று நீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1,000 மைக்ரோசீமென்சுக்கு மேலும் இருக்கும். மிகத் தூய நீரிலோ அது 25 டிகிரி செல்சியசில் வெறும் 0.055 தான்.

பயன்கள் பல

முதலில் ஆய்வுக்கூடத்தைப் பார்ப்போம். கொடுக்கப்பட்ட உப்பில் குளோரைடு உள்ளதா என்று அறியச் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சேர்ப்பார்கள். வெண்ணிற வீழ்படிவு தோன்றினால் குளோரைடு உண்டு என்பது முடிவு. ஆனால் உப்பைக் குழாய்த் தண்ணீரில் கரைத்தால், அந்தத் தண்ணீரிலுள்ள குளோரைடே வெண்ணிறத்தைக் காட்டிவிடும்! கேள்வி கேட்பதற்கு முன்பே தண்ணீர் விடை சொல்லிவிட்டால் சோதனைக்கு மதிப்பு ஏது? ஆகவேதான் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கரைசல்கள் தயாரிக்க வாலை வடிநீரோ அயனி நீக்கிய நீரோ பயன்படுகிறது.

அடுத்தது பேட்டரி. கார், டிராக்டர், இன்வெர்ட்டர் ஆகியவற்றிலுள்ள ஈய பேட்டரியில் கந்தக அமிலமும் நீரும் கலந்திருக்கும். நாளடைவில் அதிலிருந்து குறைவது பெரும்பாலும் நீர் மட்டுமே. ஆகவே நீரை மட்டும் ஊற்றினால் போதும். கிணற்று நீரை ஊற்றினால், ஒவ்வொரு முறையும் நீர் போய்விட, உப்பு உள்ளேயே சேர்ந்துகொண்டு வரும். இரும்பும் குளோரைடும் தகடுகளைக் கெடுத்து பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

அனல் மின் நிலையங்களில் இந்நீரின் தேவை மிகப் பெரிது. மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் நிலக்கரியின் வெப்பத்தால் நீரை உயர் அழுத்த நீராவியாக்கி, அதனால் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கின்றனர். கொதிகலனின் குழாய்களில் உப்பு படிந்தால் வெப்பம் நீருக்குச் செல்வது தடைப்படும். குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி வெடிக்கவும் கூடும். நீரிலுள்ள சிலிக்கா, நீராவியோடு கலந்து சென்று டர்பைனின் இறக்கைகளில் படியும். எனவே கொதிகலனுக்குச் செல்லும் நீரிலிருந்து சிலிக்காவையும் மற்ற உப்புகளையும் பெரிதும் நீக்கிவிடுகின்றனர். நாம் விளக்கொளியில் படிக்கும் ஒவ்வோர் இரவிலும் இந்நீருக்கும் ஒரு பங்கு உண்டு.

உயிர் காக்கும் பணியில் இதன் பங்கு இன்னும் பெரிது. சிறுநீரகம் செயலிழந்தோருக்கு டயாலிசிஸ் செய்யும்போது, நோயாளியின் இரத்தம் ஒரு மெல்லிய சவ்வின் ஒருபுறமும், தூய நீரில் தயாரித்த கரைசல் மறுபுறமும் ஓடுகின்றன. நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் நான்கு மணி நேரம் கரைசல் ஓடினால் 120 லிட்டர் ஆகிறது. வாரத்துக்கு மூன்று முறை என்றால் 360 லிட்டர். நாம் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குடித்தால் வாரத்துக்குப் பதினான்கு லிட்டர்தான்! நாம் குடிக்கும் நீருக்குக் குடலும் சிறுநீரகமும் காவல் நிற்கின்றன. அந்த நோயாளிக்கோ அக்காவல் இல்லை. 1970-களில் வெளிநாடுகள் சிலவற்றில், டயாலிசிஸ் நீரில் கலந்திருந்த அலுமினியத்தால் நோயாளிகள் மூளையும் எலும்பும் பாதிக்கப்பட்டுத் துன்புற்றனர், உயிரிழந்தோரும் உண்டு. நகரக் குடிநீரைத் தெளிவிக்கச் சேர்க்கும் படிகாரத்திலும் அலுமினியம் உண்டு. குடிப்போருக்குத் தீங்கு செய்யாத அளவே அவர்களுக்கு நஞ்சாயிற்று. அதன்பின் டயாலிசிஸ் நீரின் தரம் கடுமையாக வரையறுக்கப்பட்டது. இன்று எதிர் சவ்வூடுபரவல் முறையாலும், வேண்டிய இடங்களில் அயனி நீக்கத்தாலும் அந்நீரைத் தூய்மை செய்கின்றனர்.

மருந்துத் தயாரிப்பிலும், கைபேசி, கணிப்பொறி ஆகியவற்றின் சில்லுகளைக் கழுவுவதிலும் மிகத் தூய நீர் வேண்டும். தலைமுடியைக் காட்டிலும் பல மடங்கு நுண்ணிய மின்பாதைகள் உள்ள சில்லின் மேல் ஒரு துளி உப்பு நீர் காய்ந்தால் போதும், அது பழுதாகிவிடும்.

இங்கே ஒரு வார்த்தை. இவ்வளவு தூய நீர் என்றால் குடிக்க ஏற்றதென்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பிசின் மணிகள் அயனிகளைத்தான் பிடிக்கும்; மின்சுமை அற்ற பொருள்களையும் கிருமிகளையும் நம்பகமாக நீக்கா. பேட்டரிக்கென்று அடைத்த நீரைக் குடிநீரின் விதிப்படி சோதிப்பதுமில்லை. எனவே அந்தக் கேனைத் தம்பி தங்கையரின் கைக்கு எட்டாமல் வைப்பதே நலம்.

கணக்கின் மறுபாதி

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். நீக்கப்பட்ட உப்பு எங்கே போகிறது?

பிசின் மணிகள் எப்போதும் உப்பைப் பிடித்துக்கொண்டே இருக்க முடியாது. நிறைந்தபின் அவற்றைப் புதுப்பிக்க வேண்டும். முதல் வகை மணிகளை ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்ற அமிலத்தாலும், இரண்டாம் வகையைச் சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தாலும் கழுவுகின்றனர். அப்போது பிடிபட்டிருந்த உப்புகள் எல்லாம் கழிவு நீரோடு வெளியேறுகின்றன.

பத்தாம் வகுப்பில் நாம் படிக்கும் மோல் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு மோல் சோடியம் குளோரைடு, அதாவது 58.5 கிராம் சாதாரண உப்பு, நீரிலிருந்து நீங்கியதாகக் கொள்வோம். சோடியம் முதல் மணிகளிலும் குளோரைடு இரண்டாம் மணிகளிலும் இருக்கும். முதல் மணிகளை அமிலத்தால் கழுவும்போது, சோடியத்தோடு அமிலத்தின் குளோரைடு சேர்ந்து 58.5 கிராம் உப்பு வெளிவரும். இரண்டாம் மணிகளைக் காரத்தால் கழுவும்போது, குளோரைடோடு காரத்தின் சோடியம் சேர்ந்து மேலும் 58.5 கிராம் வெளிவரும். ஆக மொத்தம் 117 கிராம்! நீக்கியது ஒரு பங்கு. கழிவில் வந்தது இரண்டு பங்கு. நடைமுறையில் அமிலத்தையும் காரத்தையும் தேவைக்குச் சற்று அதிகமாகவே ஊற்ற வேண்டும். அவ்வாறு மிஞ்சியவை ஒன்றோடொன்று சேர்ந்து நடுநிலையாகும்போது இன்னும் சிறிது உப்பு உண்டாகும்.

ஆர்.ஓ. முறையில் இரசாயனச் செலவு குறைவு. ஆனால் அதிலும் உப்பு மறைந்துவிடுவதில்லை. 1,000 லிட்டர் நீரை விட்டு 500 லிட்டர் தூய நீர் எடுத்தால், மீதி 500 லிட்டரில் ஏறக்குறைய முழு உப்பும் இரு மடங்குச் செறிவோடு நிற்கும். நீரை மென்மையாக்கும் இயந்திரத்தையும் உப்புக் கரைசல் கொண்டே புதுப்பிக்கின்றனர்; அந்தக் கழிவும் உப்பே. எம்முறையாயினும், உப்பு ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குத்தான் செல்கிறது.

அந்த மற்றோர் இடம் எது என்பதே கேள்வி. முறையான ஏற்பாடு இல்லாவிட்டால் அது வாய்க்காலாக இருக்கும்; பக்கத்து நிலமாக இருக்கும்; இறுதியில் கிணறாக இருக்கும். அந்தக் கிணற்று நீரை மீண்டும் தூய்மை செய்ய இன்னும் அதிக அமிலமும் காரமும் தேவைப்படும். கடற்கரை ஊரில் உப்பு கடலுக்குப் போகலாம். நம் வடமதுரைக்கோ கடல் இல்லை.

திண்டுக்கல் கற்றுத்தந்த பாடம்

நிலத்தில் சேர்ந்த உப்பு என்ன செய்யும் என்பதை அறிய நாம் தொலைவுக்குச் செல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல்லில் தோல் ஷாப்பு என்று வழங்கும் தோல் பதனிடும் ஆலைகள் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதில் உப்பைத் தடவி வைப்பார்கள். பதனிடும் முன் அந்த உப்பைக் கழுவி நீக்குவார்கள். அவ்வாறு கழுவிய நீரும் பதனிடும் இரசாயனங்களும் பல்லாண்டுகள் நிலத்திலும் நீரோடைகளிலும் சேர்ந்தன. ஹைதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்கள் இப்பகுதியின் நிலத்தடி நீரை ஆராய்ந்து, தோல் ஆலைகளின் கழிவால் அது உப்பேறியிருப்பதை எடுத்துக்காட்டினர். குடகனாற்றுப் பகுதியின் உழவர்களுக்கு அது ஆய்வுக்கு முன்பே தெரிந்த செய்தியாக இருந்திருக்கும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பாலாற்றுப் பகுதிக்காக எழுந்த வழக்காயினும், அந்நாளில் திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என்று பெயர் பெற்றிருந்த நம் மாவட்டத்தின் தோல் ஆலைகளையும் அத்தீர்ப்பு உள்ளடக்கியது. அதில் குறிப்பிட்ட மாவட்டங்களின் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதைவிடப் பெரிது அத்தீர்ப்பு உறுதி செய்த நெறி. மாசு செய்தவரே பாதிக்கப்பட்டோருக்கு ஈடு தரவேண்டும். கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் சீராக்கும் செலவையும் அவரே ஏற்க வேண்டும் என்பதே அந்நெறி. திருப்பூர்ச் சாயப் பட்டறைகள் கழிவு நீரைச் சிறிதும் வெளிவிடாத நிலையை அடையாததால், 2011 ஜனவரியில் அவற்றை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும் இதே வழியில் வந்ததாகும்.

தோல் ஆலையின் கழிவும் அயனி நீக்கும் இயந்திரத்தின் கழிவும் ஒன்றல்ல. தோல் ஆலைக் கழிவில் குரோமியம் முதலிய வேறு பொருள்களும் உண்டு. எந்த ஆலையையும் குற்றம் சாட்டுவதும் எங்கள் நோக்கமன்று. ஆனால் எந்தக் குழாய் வழியே வந்தாலும் உப்பு உப்புதான். கிணற்றுக்கு அது வந்த வழி தெரியாது.

எங்கள் கருத்து

'தொழிற்சாலைகள் இல்லாவிட்டால் நம் ஊருக்குப் பிழைப்பு ஏது?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வடமதுரை, வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் பல உள்ளன. நம் பெற்றோர், அக்காமார், அண்ணன்மார் பலருக்கு அவையே சோறு போடுகின்றன. ஆலைகள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. டயாலிசிஸ் செய்து கொள்ளும் ஒருவரிடம் சென்று தூய நீர் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? தூய நீரின் செலவுக் கணக்கில், கழித்த உப்பைப் பத்திரமாகச் சேர்க்கும் செலவையும் எழுதுங்கள் என்றே சொல்கிறோம். இன்று அதை எழுதாமல் விட்டால், நாளை குடம் ஏந்திக் காத்து நிற்கும் பெண்கள் தங்கள் நேரத்தாலும் உழைப்பாலும் அச்செலவைக் கட்டுவார்கள். அவர்கள் தூய நீரைத் தயாரித்தவர்களும் அல்லர்; விற்றவர்களும் அல்லர்.

இதற்கு மூன்று வழிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, தேவைக்கேற்ற தூய்மை. எல்லா வேலைக்கும் ஒரே நீர் வேண்டியதில்லை. பஞ்சு நூலாகும் இடத்தில் காற்று வறண்டால் இழை அறும். எனவே நூற்பாலைகளில் காற்றில் நீரைத் தெளித்து ஈரம் ஊட்டுகின்றனர். கடின நீரைத் தெளித்தால் தெளிப்பான்களின் துளைகள் அடைபடும். ஆனால் அதற்கு மென்மையாக்கிய நீர் அல்லது ஆர்.ஓ. நீர் போதும், டர்பைனுக்கு வேண்டிய நீர் வேண்டியதில்லை. வேண்டாத தூய்மைக்காகச் செலவிடும் அமிலமும் காரமும் வேண்டாத உப்பாகவே நிலத்துக்கு வரும்.

இரண்டாவது, கழிவை வகை பிரித்தல். ஆர்.ஓ. இயந்திரம் தள்ளும் நீரைக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் பயன்படுத்தலாம். டயாலிசிஸ் பிரிவில் நீரைத் தூய்மை செய்யும்போது தள்ளப்படும் நீர், நோயாளியின் இரத்தத்தைத் தொடாத நீர். அதனையும் இவ்வாறு பயன்படுத்தலாம். பிசினைப் புதுப்பித்த கழிவையோ நடுநிலையாக்கி, தரையில் இறங்காத தொட்டியில் ஆவியாக்கி, எஞ்சும் உப்பை மழை படாமல் காக்க வேண்டும். திறந்த வெளியில் குவித்த உப்பை ஒரே ஒரு ஐப்பசி மழை மீண்டும் நிலத்தில் சேர்த்துவிடும்.

மூன்றாவது, மழை. உப்பை நீக்குவதைவிட உப்பில்லாத நீரில் தொடங்குவது மேலல்லவா? தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆலையின் கூரை 10,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் விழுகிறது. நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கைச் சேர்த்தாலும் 64 லட்சம் லிட்டர் கிடைக்கும்! கூரைத் தூசியை வடிகட்ட வேண்டும் என்பது உண்மையே. எனினும், லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள கிணற்று நீருக்குப் பதிலாக 50 மில்லிகிராம் உள்ள மழைநீரைப் பிசினுக்குக் கொடுத்தால், அது ஏறக்குறைய இருபது மடங்கு நீரைத் தூய்மை செய்தபின்னரே புதுப்பிக்க நேரும். அமிலச் செலவு குறையும். உப்புக் கழிவும் குறையும். ஆலைக்கும் இலாபம், கிணற்றுக்கும் இலாபம்.

'இதெல்லாம் முதலாளிகளும் அரசும் செய்ய வேண்டியவை. பள்ளி மாணவியருக்கு இதில் என்ன வேலை?' என்று கேட்பீர்கள். நமக்கும் வேலை உண்டு, தோழியரே! ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய்களை முதலில் குழாய்த் தண்ணீரில் நன்கு கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் தூய நீரைப் பயன்படுத்தலாம். மிஞ்சிய அமிலத்தையும் காரத்தையும் ஆசிரியையின் மேற்பார்வையில் நடுநிலையாக்கிய பிறகே வெளியேற்றலாம். கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவி இன்று குறைந்த விலைக்கே கிடைக்கிறது. அதைக் கொண்டு மாதந்தோறும் நம் பள்ளிக் கிணற்று நீரையும், அவரவர் வீட்டுக் கிணற்று நீரையும் அளந்து பலகையில் எழுதி வைக்கலாம். இவ்வாண்டு தொடங்கினால், பத்தாண்டுகள் கழித்து இப்பள்ளியில் படிப்போர், நம் ஊர்க் கிணறுகளில் உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை யாரையும் கேளாமல் தாமே அறிவார்கள். 1,000 சதுர மீட்டர் கூரையில் ஒரு மாலையில் 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் 30,000 லிட்டர். ஆய்வுக்கூடத்தின் தேவைக்கு மழைநீர்த் தொட்டி ஒன்று அமைத்துத் தருமாறு அருட்சகோதரிகளையும் பெற்றோரையும் பணிவுடன் வேண்டுகிறோம்.

தூய நீரைத் தயாரிக்கும் கலையை அறிவியல் நமக்குக் கற்றுத் தந்துவிட்டது. கழித்த உப்புக்குப் பொறுப்பேற்கும் கடமையை நாம்தான் கற்க வேண்டும். நம்முள் சிலர் நாளை ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பணிபுரிவோம். அங்கே தூய நீரின் குழாயைத் திறக்கும் முன், 'இதன் உப்பு எங்கே போகிறது?' என்று ஒருமுறை கேட்போம். தக்க விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி